பந்து ஒருத்தி கையில், ஆட்டம் ஐந்து பேர் கையில்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் திருவான்மியூர் உறுப்பினர் ஒருவர் பேசியது)



என்னை இங்கே பலருக்கும் பி.டி. டீச்சர்னுதான் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் ஒரு குழுவில் உறுப்பினர். "டீச்சர், உங்களுக்குத் தெரிஞ்ச விளையாட்டைப் பத்திப் பேசுங்க, ஆனா குழுவுக்குப் பயன்படணும்"னு செயலாளர் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது கூடைப்பந்து. அதையே பேசுறேன்.

ஒரு அணியில் 12 பேர். மைதானத்தில் ஒரே நேரத்தில் ஆடுறது ஐந்து பேர். பத்துப் பத்து நிமிஷமா நாலு கட்டம். கூடை பத்தடி உயரம். பந்து கையில் வந்தா 24 விநாடிக்குள்ள எறிஞ்சாகணும். ஒருத்தி ஐந்து தப்பு பண்ணிட்டா அவ வெளியே போயிடணும்; எவ்வளவு பெரிய ஆட்டக்காரியா இருந்தாலும் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. அப்போ பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவ எழுந்து வரணும். அவ தயாரா இருந்தா ஆட்டம் நடக்கும்.

கீது அன்னா ஜோஸ்னு ஒரு ஆட்டக்காரி. கேரளத்துப் பெண், வேலை பார்த்தது நம்ம தெற்கு ரயில்வேயில். ஆறடிக்கு மேல் உயரம். 2006-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்கே ரிங்வுட் கிளப்புக்கு ஆடினாங்க. 2011-ல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீகின் மூன்று அணிகள் தேர்வுக்குக் கூப்பிட்டன. 2014-ல் அர்ஜுனா விருது. 2013-ல் பாங்காக்கில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் ஐந்தாம் இடம் பிடிச்சாங்க. ஆனாலும் சீனா, ஜப்பான், கொரியாவைத் தாண்ட முடியலை. அவ்வளவு பெரிய ஆள் ஒருத்தர் மட்டும் இருந்தா போதாது.

ஏன் போதாதுன்னு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்க. எதிரணி என்ன செய்யும்? நல்லா ஆடுறவளைச் சுத்தி இரண்டு பேரை நிறுத்தும். அவங்க ஐந்து பேரில் இரண்டு பேர் இங்கே வந்துட்டா, மிச்சம் மூணு பேர்தான். நம்ம பக்கம் மிச்சம் நாலு பேர். அப்போ நம்ம ஆள் ஒருத்தி எப்பவும் காலியா நிக்கிறா, அவளைத் தடுக்க ஆளே இல்லை. பந்து அவ கைக்கு வந்து, அவளுக்கு எறியத் தெரிஞ்சா இரண்டு புள்ளி. தெரியலைன்னா, இரண்டு பேர் நடுவில் மாட்டினவ தனியா முட்டி மோதித் தோத்துப் போவா.

அமெரிக்காவின் மைக்கேல் ஜோர்டான் பேரைப் பிள்ளைங்க செருப்பிலும் சட்டையிலும் பார்த்திருப்பீங்க. 1986-ல் பாஸ்டன் அணிக்கு எதிரா ஒரே ஆட்டத்தில் 63 புள்ளி எடுத்தார். அணி தோத்துப் போச்சு, 135-க்கு 131. அவர் அணி முதல் கோப்பை வாங்கினது 1991-ல். அதுக்குள்ள அவர் பக்கத்தில் பிப்பன் மாதிரி ஆட்கள் வளர்ந்திருந்தாங்க. 1997 இறுதிப் போட்டியின் கடைசி ஆட்டம், கடைசி விநாடிகள், இரண்டு அணியும் சமம். எல்லாரும் ஜோர்டானையே பார்க்கிறாங்க, இரண்டு பேர் அவர் மேல பாயறாங்க. அவர் பந்தைக் காலியா நின்ன ஸ்டீவ் கெர் கிட்டே கொடுத்தார். கெர் எறிஞ்சார், கோப்பை வந்தது.

நம்ம ஊருக்கு வருவோம். சென்னைப் பெண் அனிதா பால்துரை, 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினவங்க. 19 வயசுல இந்திய அணிக்குத் தலைவி. குழந்தை பெத்த பிறகும் மைதானத்துக்குத் திரும்பி வந்தாங்க. 2017-ல் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவில் மூத்த ஆட்டக்காரியா இருந்தாங்க. இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை இந்தியா ஜெயிச்சது, 75-க்கு 73. இரண்டே புள்ளி, அதாவது ஒரே ஒரு கூடை. அந்த 75-ல் யார் போட்ட இரண்டு புள்ளியை வேண்டாம்னு சொல்ல முடியும்? பெஞ்சிலிருந்து வந்தவ போட்டதும் அதில் சேர்த்திதான்.

இப்போ நம்ம குழுவுக்கு வர்றேன். நம்ம பகுதியில் ஒரு குழு, பேர் வேண்டாம். அங்கே ஒரே அக்கா ஒன்பது வருஷமா ஊக்குநர். கெட்டிக்காரி, பைசா பிசகாது. கணக்கு, தீர்மானப் புத்தகம், வங்கிப் பாஸ்புக் எல்லாம் அவங்க வீட்டு அலமாரியில். போன வருஷம் அவங்க மாமியாருக்கு உடம்பு முடியாம ஊருக்குப் போனாங்க. இரண்டு மாசம் வர முடியலை. உறுப்பினர்கள் பணம் கட்டினாங்க, டப்பாவில் இருந்தது; எதில் எவ்வளவு வரவு வைக்கணும்னு யாருக்கும் தெரியலை. பிரதிநிதி வங்கிக்குப் போனாங்க. என்ன காகிதம் கேட்கிறாங்கன்னே புரியாம திரும்பி வந்தாங்க. பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள வரவேண்டிய கடன் தள்ளிப் போச்சு. மூணு பேர் காதுத் தோட்டை அடகு வச்சுப் பீஸ் கட்டினாங்க.

இதில் அந்த அக்காவைக் குறை சொல்ல ஒண்ணும் இல்லை. ஒன்பது வருஷம் தனியாவே ஆடினாங்க. மத்தவங்க "அக்கா பார்த்துப்பாங்க"னு கைகட்டி நின்னாங்க. வங்கி, மாநகராட்சி ஆபீஸ், வீடுன்னு மூணு பக்கமும் அவங்களைச் சூழ்ந்தப்போ, பந்தை வாங்கக் கை நீட்ட ஆள் இல்லை.

அதனால மூணு விஷயம் கேட்கிறேன்.

முதலாவது, மாசம் ஒருத்தர் தீர்மானப் புத்தகம் எழுதணும். ஊக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கட்டும். கையெழுத்துக் கோணலா இருந்தா பரவாயில்லை. எழுதப் படிக்க வராதவங்க பணத்தை எண்ணிச் சரிபார்க்கட்டும். கடையில் சில்லறைக் கணக்கில் உங்களை ஏமாத்த முடியுமா?

இரண்டாவது, வங்கிக்குப் போகும்போது இரண்டு பேரா போங்க. அதில் ஒருத்தர் ஒவ்வொரு தடவையும் புதுசா இருக்கணும். மேனேஜர் ரூம் எந்தப் பக்கம்னு தெரிஞ்சாலே பாதிப் பயம் போயிடும்.

மூணாவது, முன்னால ஓடுறவளுக்குத் துணை வேணும். அவ காலையிலிருந்து ஆபீசில் காத்துக் கிடந்தா, அவ பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வர்றது? பஸ் காசு யார் கொடுக்கிறது? அதைக் குழு பார்க்கணும். "அவளுக்கு என்ன, பேர் வாங்குறா"னு முதுகுக்குப் பின்னால பேசுறது துணை ஆகாது.

ஊக்குநர்களுக்கும் ஒரு வார்த்தை. நாமளே செஞ்சா சீக்கிரம் முடியும்னு தோணும், உண்மைதான். ஆனா ஜோர்டானே பந்தைக் கொடுத்தார். அலமாரிச் சாவியை இன்னொருத்தர்கிட்டயும் கொடுத்து வையுங்க.

பங்குனியில் நம்ம மருந்தீஸ்வரர் கோயில் தேர் வீதி திரும்பும்போது கவனிச்சுப் பாருங்க. வடம் பிடிக்கிறவங்க நூத்துக்கணக்கில் இருப்பாங்க. சக்கரத்துக்கு அடியில் குனிஞ்சு முட்டுக்கட்டை போடுறவரை யாரும் பார்க்கிறதில்லை. அவர் சரியான நேரத்தில் கட்டை போடலைன்னா தேர் திரும்பாது, வீட்டுச் சுவத்துலதான் போய் நிக்கும். நம்ம குழுவிலும் அப்படிக் குனியத் தெரிஞ்சவங்க நிறையப் பேர் இருக்கீங்க.

விழா முடிஞ்சு டீ குடிக்கும்போது உங்க ஊக்குநர்கிட்டே போய், "அடுத்த கூட்டத்துல புத்தகம் நான் எழுதறேன் அக்கா"னு சொல்லிட்டுப் போங்க. இன்னிக்கே சொல்லுங்க.