ஊசி கிடைத்த பிறகு



எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது பழகிய சங்கதி. தையல் மிஷினில் ஊசி உடைந்துவிட்டால், டெய்லர் அந்த இடத்திலேயே கையை எடுத்துவிட வேண்டும். உடைந்த துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, ரெஜிஸ்டரில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் விடமாட்டார்கள். பக்கத்தில் கிடக்கிற பீஸையெல்லாம் உதறுவார்கள், மிஷின் அடியில் காந்தத்தை ஓட்டுவார்கள். எங்கேயோ ஒரு தேசத்தில் ஒரு குழந்தை போட்டுக்கொள்ளப்போகிற சட்டை. அதற்குள் ஊசிமுனை இருந்துவிடக் கூடாது.

பள்ளிக்கூடப் பையைச் சோதனை போடுவது பற்றிப் பேச வந்தவள் ஊசிக்கதை சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். அந்த ஊசியை எனக்கு நினைவுபடுத்தியவர் ஒரு தாய். அவரிடம் பிறகு வருகிறேன்.

திருப்பூரில் பல வருஷம் டீச்சராக இருந்தவள் நான். பையைச் சோதிக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. குட்கா, பான்மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013இலேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் உதட்டுக்கு உள்ளே ஒதுக்கிக்கொள்கிற கூல் லிப் என்ற புகையிலை பிள்ளைகள் வரைக்கும் வந்துவிட்டது. 2024இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே அதைப் பற்றிக் கவலையோடு பேசியது. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பையில் அரிவாளோடு வந்து, வகுப்புத் தோழனை வெட்டினான். தடுக்கப்போன டீச்சருக்கும் காயம். அன்று காலையில் யாராவது அந்தப் பையைத் திறந்து பார்த்திருக்கக் கூடாதா என்று நினைக்காத ஆசிரியர் இருக்க முடியாது.

ஒன்றை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்கிறது 2003ஆம் வருஷத்துச் சட்டம். குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். இரண்டுமே விற்கிறவனையும் கொடுக்கிறவனையும்தான் பிடிக்கச் சொல்கின்றன. பெட்டிக்கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பதைவிட, ஏழாம் வகுப்புப் பிள்ளையின் பையைக் கவிழ்ப்பது நமக்குச் சுலபமாக இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள். யூனிஃபார்ம் போட்டவர்களுக்கு மட்டும் இது கிடையாது என்று அவர்கள் எழுதவில்லை. ஆனால் பள்ளியில் யார், எப்போது, எதுவரை சோதிக்கலாம் என்று சொல்கிற தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. அமெரிக்காவில் 1985இல் ஒரு வழக்கு. கழிவறையில் சிகரெட் பிடித்ததாகச் சிக்கிய மாணவியின் கைப்பையைத் திறந்தது சரியா என்று கேள்வி வந்தது. நியாயமான சந்தேகம் இருந்தால் திறக்கலாம், ஆனால் தேடுகிற பொருளுக்கும் பிள்ளையின் வயதுக்கும் தகுந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றது அந்த நாட்டு உச்ச நீதிமன்றம். 2009இல் வந்த வழக்கில் பதின்மூன்று வயதுச் சிறுமி. வலி மாத்திரை வைத்திருக்கிறாளா என்று உள்ளாடை வரை விலக்கிப் பார்த்திருந்தார்கள். அது அத்துமீறல் என்றது அதே நீதிமன்றம்.

அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. 2025 ஜூலையில் மகாராஷ்டிரத்தில் தானே மாவட்டம் ஷஹாபூரில், கழிவறையில் ரத்தக்கறை இருந்தது என்று பெண்பிள்ளைகளின் உடையைக் களையவைத்துப் பார்த்தார்கள். தலைமையாசிரியை கைதானார். எந்த ஆபத்தைத் தடுக்க நடந்தது அந்தச் சோதனை?

திருப்பூருக்கு வருவோம். அம்மாவும் அப்பாவும் ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு வீடு சேர ராத்திரி ஆகிவிடும். அதுவரை பிள்ளை தனியாக இருக்கும். அதனால் ஒரு போனை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அது பையோடு பள்ளிக்கும் வந்துவிடுகிறது. போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், நியாயம். ஆனால் நாங்கள் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அதில் இருக்கிற போட்டோவை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்திருக்கிறோம். வகுப்பில் காசு காணோம் என்றால், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த குடும்பத்துப் பிள்ளையின் பைதான் முதலில் திறக்கும். அதையும் பார்த்திருக்கிறேன், பேசாமல் இருந்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் எந்தப் பெற்றோரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "எங்க கம்பெனி கேட்டுல தெனமும் டிபன் பையத் தொறந்து காட்டிட்டுத்தானுங்க டீச்சர் வெளிய வர்றோம்."

அவருடைய மகள் எட்டாம் வகுப்பு. பையில் கத்தி இருக்கிறது என்று பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை வந்து சொன்னாள். சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது, திறந்தேன். அது தவறில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அடியில் கிடந்தது ஒரு டிரிம்மர். பீஸில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலை வெட்டுகிற, உள்ளங்கையில் அடங்குகிற கத்தரி. வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து நூல் வெட்டிவிட்டு, தவறிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அதை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். யாரைப் பற்றியோ நாலு வரி எழுதியிருந்தாள். நாற்பது பிள்ளைகள் முன்னால் அதை உரக்கப் படித்தேன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் அம்மா அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார். சத்தம் போடவில்லை. டிரிம்மரை வாங்கித் துணிப்பையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏனுங்க டீச்சர், கம்பெனில ஊசி ஒடஞ்சா துண்டு கெடைக்கற வரைக்குந்தானுங்க தேடுவோம். கெடச்சுட்டா அவங்கவங்க மிஷினுக்குப் போயிருவோம். டிரிம்மர் கெடச்சப்புறமும் நோட்டுல என்னத்தைங்க தேடுனீங்க?"

மணி அடித்தது. வகுப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.