கஞ்சிப் பாத்திரம்



இறுதியாண்டில் எனக்குக் குடல் அழற்சி நோய் வந்தது. டாக்டர் பாஷையில் 'கிரோன்ஸ்'. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. பயத்தில் காலைச் சாப்பாட்டையே விட்டேன். 9 கிலோ இறங்கிப்போச்சு.

நோய் கிளம்பும் நாட்களில் நார் குறையணும். வெள்ளைப் பச்சரிசி 1 பங்கு, தண்ணீர் 8 பங்கு, குழைய வெந்த கஞ்சி, உப்பு. இல்லையென்றால் தோல் நீக்கிய உளுந்தில் அரைத்த இட்லி இரண்டு. தொட்டுக்க? தேங்காய்ச் சட்னி, சாம்பார் வேண்டாம். தோலும் விதையும் எடுத்த பூசணியை வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். (மிளகாய்ப்பொடி ஆசை எனக்கும் வரும்!) நோய் அடங்கியதும் டாக்டரைக் கேட்டு, காய்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கணும், ஆயுசுக்கும் கஞ்சி இல்லை.

ஒருநாள் துணிந்து மெஸ் சமையற்காரரிடம் சொன்னேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. மறுநாள் அடுப்போரம் எனக்கென்று ஒரு சின்னப் பாத்திரம் இருந்தது.