பழைய புல்லட்டும் அதன் எண்ணெய்களும்



கோடை விடுமுறையில் குடும்பத்துடன் ஊருக்குச் சென்று, ஒரு மாதம் கழித்துத் திரும்பி, வாசலில் உறை போட்டு நிறுத்தியிருந்த வண்டியைத் துடைத்துக் கிளப்புவது, வெளி மாநிலங்களில் உத்தியோகம் பார்க்கும் நம்மில் பலருக்கு வழக்கம். அந்த வண்டி பழைய புல்லட் மோட்டார் சைக்கிளாக இருக்குமாயின், அதன் எண்ணெயைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். நான் இயந்திரக் கல்வி பயின்றவன் அல்லன். கல்லூரியில் படித்தது சரித்திரம். நாகபுரியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செய்வது மொழிபெயர்ப்பு வேலை. இங்கே சொல்லப்போவது, நானே தவறு செய்து கற்றுக்கொண்டது.

புல்லட் நம் ஊர் வண்டி என்று சொன்னால் அது மிகையாகாது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் பிறந்த அந்த வண்டி, 1955-ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தோன்றியதும் சென்னைக்கு வந்து சேர்ந்தது. தாய்நாட்டில் அதன் உற்பத்தி நின்றுபோன பின்னரும் திருவொற்றியூரில் தொடர்ந்தது. என் தந்தையாரிடம் இருந்தது அந்த ஆலையில் செய்த 1978-ஆம் வருஷத்து 350 சி.சி. வண்டி, பழைய வார்ப்பிரும்பு என்ஜின் கொண்டது. அம்பத்தூரில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில், அவர் காலமான பிறகு, நான்கு ஆண்டுகள் அது தார்ப்பாய்க்குள் கிடந்தது. விற்றுவிடலாம் என்றார் தாய்மாமன். எனக்கு மனம் வரவில்லை. பெட்ரோலை வடித்து, சாக்குச் சுற்றி, ரயில் பார்சலில் நாகபுரிக்கு வரவழைத்தேன்.

வண்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திருகி எடுத்தேன். மூடியோடு சேர்ந்த அளவுக் குச்சியின் நுனியில் ஈரப் பசைகூட இல்லை. நான்கு ஆண்டுகளில் எண்ணெய் கசிந்து தீர்ந்துபோயிற்று என்று முடிவு கட்டினேன். கடைக்கு ஓடிப் புது எண்ணெய் வாங்கிவந்து, குச்சியின் மேல் கோடு வரை ஊற்றினேன். பிறகு உதைத்தேன். உதைக்கும் கட்டை காலுக்கு அடங்காமல் கனத்தது. மிகுந்த பிரயாசைக்குப் பின் என்ஜின் கிளம்பியது. உடனே சைலன்சரிலிருந்து எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடி வரை வெண்புகை எழுந்தது. மூச்சுக் குழாய் வழியே எண்ணெய் பீறிட்டுத் தரையெல்லாம் ஓடிற்று. தந்தையின் என்ஜினை ஒரே காலையில் பாழாக்கிவிட்டேன் என்றே நினைத்தேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு சதர் பகுதியில் ஒரு முதிய மெக்கானிக்கிடம் போனேன். அவர் என்ஜினைத் தொடக்கூட இல்லை. "சாகிப், உங்கள் எண்ணெய் எங்கும் போய்விடவில்லை. கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது" என்றார். அடியிலுள்ள திருகைக் கழற்றியதும், கறுத்த எண்ணெய் தகரத்தில் நிரம்பிக்கொண்டே வந்தது.

இதன் காரணம் எளிது. புல்லட்டில் எண்ணெய்த் தொட்டி தனியாகத் தொங்குவதில்லை. என்ஜின் கூட்டின் பின்பாகமே தொட்டி. அங்கிருந்து ஒரு பம்பு எண்ணெயை என்ஜினுக்குள் அனுப்புகிறது. மற்றொரு பம்பு, முன்னதைவிடப் பெரியது, அடியில் சேர்ந்ததை இழுத்துத் தொட்டிக்குத் திருப்புகிறது. ஓடும்போது இந்த ஏற்பாடு செவ்வையாக நடக்கும். வண்டி வாரக்கணக்கில் நின்றால், தொட்டி எண்ணெய் பம்பின் இடுக்கு வழியே மெல்லக் கசிந்து, சக்கரங்கள் சுழலும் அடியறையில் தேங்கிவிடும். குச்சி காய்ந்திருப்பது அதனால்தான். அதைப் பார்த்து மேலும் ஊற்றினால், இரு பங்கு எண்ணெய் ஆகிவிடுகிறது.

ஆகவே நெடுநாள் நின்ற வண்டியில் குச்சியை மட்டும் நம்பி எண்ணெய் சேர்க்கலாகாது. ஒரு மாதம் நின்றதாயின், கிளப்பி இரண்டொரு நிமிஷம் நிதானமாக ஓடவிட்டு, எண்ணெய் தொட்டிக்குத் திரும்பிய பின் அளவு பாருங்கள். ஆண்டுக்கணக்கில் நின்றதாயின் கிளப்பவே வேண்டாம். அடித் திருகுகளைக் கழற்றி முழுவதையும் வடித்துவிட்டு, புதிதாக அளந்து ஊற்றுவதே உத்தமம். இந்த என்ஜினுக்கு வேண்டியது ஏறத்தாழ இரண்டேகால் லிட்டர். என் தந்தையார் கடைத்தெருவுக்குப் போய்வந்த பிறகே, இறங்கிய கையோடு, பழைய வேட்டித் துணியால் குச்சியைத் துடைத்து அளவு பார்ப்பார். புறப்படும்போது பார்த்ததே இல்லை. சிறுவயதில் நூறு தடவை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

மாற்றும்போது என்ஜின் சூடாக இருக்கட்டும். எண்ணெய் இளகி, கசடையும் சேர்த்துக்கொண்டு வெளியேறும். வடித்ததை உடனே கொட்டிவிடாமல் வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பாயிருப்பது குற்றமன்று. மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மழைக்காலத்தில் அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தூரமே ஓடும் வண்டிகளில் இது சகஜம். மினுமினுக்கும் உலோகத் துகள் தென்பட்டால், பேரிங்கு தேய்கிறதென்று கொண்டு மெக்கானிக்கிடம் போவது நலம். வடிகட்டியை மாற்றினால் ஒரு காரியத்தை மறக்கலாகாது. வடிகட்டியின் அறை நிரம்பிய பிறகே எண்ணெய் பேரிங்கை எட்டும். அதனால் உடனே கிளப்பாமல், டிகம்ப்ரஷர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருபது முப்பது தடவை வெறுமனே மிதித்து, எண்ணெயை ஏற்றிக்கொள்ளுங்கள். நான் 2,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். அவ்வளவு ஓடாவிட்டாலும் மழைக்காலம் முடிந்ததும் மாற்றிவிடுகிறேன்.

எண்ணெய் டப்பாவில் 20 டபிள்யூ 40, 20 டபிள்யூ 50 என்று போட்டிருப்பார்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன் எண் குளிரில் அதன் இளக்கத்தையும், பின் எண் சூட்டில் அதன் கெட்டித்தன்மையையும் காட்டுவன. நாகபுரிக் கோடையில் நான் 50-ஐயே விரும்புகிறேன். மொழிபெயர்ப்பாளன் என்பதால் ஒரு சிறு விஷயம்: எள்ளின் நெய்தான் எண்ணெய், இந்தியில் மெக்கானிக் சொல்லும் 'தேல்' என்பதும் திலம், அதாவது எள், என்ற சொல்லின் வழி வந்ததே. நிலத்தடியிலிருந்து எடுத்த எண்ணெய்க்கும் இரு மொழிகளிலும் எள்ளின் பெயரையே வைத்திருக்கிறோம்.

என்ஜினைத் தவிர இன்னும் மூன்று இடங்களில் எண்ணெய் உண்டு. இடப்புறத்துச் செயின் கேசில் கிளட்சும் எண்ணெயிலேயே நனைந்து சுழல்கிறது. அதற்குரிய அளவுத் திருகைக் கழற்றி, அந்தத் துளையில் எண்ணெய் எட்டிப்பார்க்கும் வரை ஊற்றினால் போதும். அளவு மிஞ்சினாலும், வழுக்கும் சேர்மானங்கள் கலந்த கார் எண்ணெயை ஊற்றினாலும், கிளட்ச் நழுவும். மூடியை இறுக்குவது நடுவிலுள்ள ஒரே நட்டு. கசிகிறதே என்று அதை மேன்மேலும் முறுக்கினால், ரப்பர் நசுங்கி இன்னும் கசியும். கியர் பெட்டியின் எண்ணெய் எளிதில் கெடுவதில்லை. குறைந்திருக்கிறதா என்று பார்த்து நிரப்பினால் போதும். முன் ஃபோர்க்கின் எண்ணெயைப் பலர் வண்டியின் ஆயுளிலேயே மாற்றுவதில்லை. பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் தொப்பென்று அமிழ்ந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. இரண்டு கால்களிலும் ஒரே அளவாக ஊற்ற வேண்டும்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் விடாதீர்கள். சதர் மெக்கானிக் தம் கடை மூலையில் ஒரு பீப்பாய் வைத்திருக்கிறார். சுத்திகரிப்போர் வந்து எடுத்துச் செல்கிறார்கள். நானும் என் தகரத்தை அங்கேதான் கொண்டுபோய் ஊற்றுகிறேன். அடுத்த வாரம் குடும்பத்துடன் அம்பத்தூர் போகிறோம். திரும்ப 25 நாளாகும். வண்டிச் சாவியோடு ஒரு சீட்டும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், நானே மறந்துவிடக் கூடும் என்பதற்காக: "கிளப்பிய பிறகு அளவு பார்."