பெயர் மாற்றிய காலத்துக் கதைகள்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இன்று பரிசாகக் கொடுப்பவை புத்தகங்கள். ஆகவே புத்தகங்களைப் பற்றியே பேச வந்தேன். நான் சொல்லப்போவது கொரியக் குடும்பங்களின் கதைகள். "கொரியாவுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். இந்த மண்ணை 1941 டிசம்பரில் தொடங்கி 1945 வரை ஆட்டிப் படைத்த அதே ஜப்பானிய ஆட்சிதான் 1910-இல் கொரியாவில் போய் உட்கார்ந்தது. 35 ஆண்டுகள் எழுந்திருக்கவே இல்லை. சயாம் ரயில் பாதை போட நம் தோட்டத்து ஆட்களைக் கொண்டுபோனார்களே, அந்தப் பாதையில் போர்க் கைதிகளைக் காவல் காத்தவர்களில் கொரியர்களும் இருந்தார்கள். அடிமைப்பட்ட நாட்டுப் பிள்ளைகள், ஆண்டவனுடைய சீருடையைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களில் பலருக்குப் பெயர்கூட ஜப்பானியப் பெயர்தான்.

அந்தப் பெயர்ச் சங்கதியைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

1940 பிப்ரவரியில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. கொரியக் குடும்பங்கள் ஜப்பானிய முறையில் குடும்பப் பெயர் வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும். கெடு ஆறு மாதம். பேச்சுக்கு, 'விருப்பப்பட்டால்' என்றார்கள். ஆனால் பதியாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் தொல்லை, பெரியவர்களுக்கு அலுவலகத்தில் தொல்லை. கெடு முடிவதற்குள் பத்துக் குடும்பங்களில் ஏறக்குறைய எட்டு பதிந்துவிட்டன.

பெயர்தானே, போனால் போகட்டும் என்று தோன்றும். கொரியருக்கு அப்படியில்லை. ஒவ்வொரு குலத்துக்கும் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்த வம்சாவளி ஏடு உண்டு. கலியாணம் கட்டிப் போன பெண்கூடத் தகப்பன் குலப் பெயரை விடமாட்டாள். நம் பெயருக்கு முன்னே தகப்பனார் பெயரின் முதல் எழுத்தைப் போடுகிறோமே, அதை அழித்துவிட்டு எவனோ சொல்லும் எழுத்தைப் போடு என்றால் நமக்கு எப்படி இருக்கும்? அதைப்போல் பல மடங்கு.

ரிச்சர்ட் கிம் என்பவர் 1932-இல் கொரியாவில் பிறந்தவர். 1970-இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலுக்குத் 'தொலைந்த பெயர்கள்' என்றே தலைப்பு. கதையா, சொந்த வாழ்க்கையா என்று பிரிக்க முடியாத நூல். அதில் பள்ளியிலிருந்து பையன்களை, புதுப்பெயரோடு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். கொட்டுகிற பனியில் தகப்பனார் மகனைப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். அவர் கையில், சாவு வீட்டுக்குக் கட்டுவதுபோல் கறுப்புப் பட்டை. அங்கே 'இவமோட்டோ' என்று பதிகிறார்கள். பிறகு தாத்தா, அப்பா, பையன் மூவரும் குடும்பத்து இடுகாட்டுக்குப் போய், பனியில் மண்டியிட்டு, முன்னோரிடம் மன்னிப்புக் கேட்டு அழுகிறார்கள். சரித்திரப் புத்தகம் பத்தில் எட்டு என்று கணக்குச் சொல்லும். அந்த எட்டில் ஒரு வீட்டுக்குள்ளே அன்றைக்கு என்ன நடந்தது என்பதைக் கதைதான் சொல்கிறது.

இதே விஷயத்தை ஒரு ஜப்பானியரும் எழுதியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. கஜியாமா தோஷியுகி, 1930-இல் சியோல் நகரில் பிறந்தவர். அவருடைய 'வம்சாவளி' என்ற கதையில் ஒரு கிழவர் பெயர் மாற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக நிற்கிறார். அரசாங்கத்துக்கு நெல் கொடுத்தவர், எதிரியே இல்லை. பெயரை மட்டும் கேட்காதே என்கிறார். அவரைச் சம்மதிக்க வைக்க வரும் இளைஞனுக்கோ அவர்மேல் மரியாதை. கடைசியில் எங்கே பிடிக்கிறார்கள் தெரியுமா? பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில். பிள்ளைகள் அழுதுகொண்டு வர, கிழவர் பணிந்து பதிகிறார். அதன்பின் அவர் உயிரோடு இருக்கவில்லை. 1978-இல் கொரியர்கள் இதைப் படமாகவும் எடுத்தார்கள்.

அப்படியானால் பதிந்தவன் கோழை, பதியாதவன் வீரன் என்று சொல்லிவிடலாமா? வீரம் மட்டுமே பேசும் கதைகளில் எனக்கு அவ்வளவு பிடிப்பில்லை. லிண்டா சூ பார்க் சிறுவர்களுக்காக எழுதிய நாவல் ஒன்று 2002-இல் வந்தது. அதில் சுன்-ஹீ என்ற சிறுமி 'கியோகோ' ஆகிறாள். அவள் வீட்டையே பாருங்கள்: சித்தப்பா ரகசியமாகப் பத்திரிகை அச்சடிக்கிறார். அம்மா, வெட்டச் சொன்ன கொரியப் பூமரத்தில் ஒரு கன்றை ஒளித்து வைக்கிறாள். அண்ணனோ ஜப்பானியப் படையில் போய்ச் சேருகிறான். மூன்று பேரும் ஒரே சட்டிச் சோறு சாப்பிட்டவர்கள். இங்கேயும் அந்த நாளில் தமிழ்ப் பள்ளிகளில் ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதைச் சொல்லிக் கொடுத்த வாத்தியாரைத் துரோகி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

தாய்மார்களுக்காக ஒன்று. மின் ஜின் லீ 2017-இல் வெளியிட்ட 'பச்சிங்கோ' நாவலில், மகள் கலியாணத்துக்கு ஒரு பிடி வெள்ளை அரிசிக்காகத் தாய் கடைக்காரரிடம் கெஞ்சுகிறாள். கொரிய மண்ணில் விளைந்த நெல் கப்பலேறி ஜப்பானுக்குப் போனது. விளைவித்தவன் தினையும் பார்லியும் தின்றான். மரவள்ளிக்கிழங்கு தின்ற கதை தெரிந்த வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1938-இலிருந்து கொரிய மொழியைப் பள்ளியில் கட்டாயப் பாடமாக வைக்கவில்லை. பிறகு அது அடியோடு நின்றது. 1942-இல், அகராதி தொகுத்துக்கொண்டிருந்த மொழிச் சங்கத்தாரைப் பிடித்தார்கள். இருவர் சிறையிலேயே இறந்தார்கள். பறிமுதலான கையெழுத்துப் படி, 1945 செப்டம்பரில் சியோல் ரயில் நிலையக் கிடங்கில் அகப்பட்டது. 1947-இல் முதல் தொகுதி அச்சேறியது.

அந்த ஆட்சியில் பள்ளி சென்ற பெண்களில் ஒருவர் பாக் கியோங் நி. 1926-இல் பிறந்தவர். 'தோஜி', அதாவது 'மண்' என்ற நாவலை 1969-இல் கொரிய மொழியில் எழுதத் தொடங்கினார். ஒரு கிராமத்துக் குடும்பத்தின் கதை, 1897-இல் ஆரம்பிக்கிறது. எழுதி முடிக்க 25 ஆண்டுகள் ஆயின. கதையின் கடைசி நாள், ஜப்பான் சரணடைந்த செய்தி வந்த 1945 ஆகஸ்டு 15.