கைபேசிப் பணமும் குழுவின் நம்பிக்கையும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் பத்தாவது வரை படிச்சவள். வீடு, மாடு, குழு நோட்டு, இதுதான் என் நாள். சந்தாவையும் கடன் தவணையையும் இனி கைபேசி வழியா கட்டலாமான்னு போன மாசக் கூட்டத்துல பேச்சு வந்தது. பாதிப் பேர் சரின்னாங்க, பாதிப் பேர் வேண்டவே வேண்டாம்னாங்க. அதைப் பற்றித்தான் என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க.

முதல்ல நம்ம ஊரைப் பாருங்க. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு மூணு ஷிப்ட்டுக்கும் ஆள் போகுது. பீகார், ஒடிசா பிள்ளைங்க நம்ம தெருவுல வாடகைக்கு இருக்காங்க. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல இட்லி வாங்குற பையன் கையில சில்லறை இருக்காது, போன்தான் இருக்கும். தமிழ் தெரியலைன்னாலும் ஒட்டி வெச்சிருக்கிற கட்டத்தை ஸ்கேன் பண்ணிப் பணம் போட்டுடறான். இட்லிக் கடை, பூக்கடை, தையல் மெஷின் வெச்சிருக்கிற நம்ம உறுப்பினர்கள் பல பேர் அந்தக் கட்டத்தை ஒட்டித்தான் வெச்சிருக்கோம். நாம முடிவு பண்றதுக்கு முன்னாடியே அது நம்ம வாசலுக்கு வந்துடுச்சு.

இது எப்படி வளர்ந்ததுன்னு தெரிஞ்சுக்கணும். யு.பி.ஐ. என்கிற இந்த முறை 2016 ஏப்ரலில் 21 வங்கிகளோடு தொடங்கியது. இதை நடத்துவது என்.பி.சி.ஐ. என்கிற தேசியக் கொடுப்பனவுக் கழகம். 2019 அக்டோபரில் ஒரு மாதத்துக்கு 100 கோடி பரிமாற்றத்தைத் தாண்டியது. 2023 ஆகஸ்டில் 1,000 கோடி. 2025 ஆகஸ்டில் 2,000 கோடி.

அந்தப் பையன் போடுற 40 ரூபாய் நேரா நம்ம கைக்கு வர்றதில்லை. அவன் செயலி, அந்தச் செயலிக்குப் பின்னால் இருக்கிற வங்கி, அவன் கணக்கு இருக்கிற வங்கி, நடுவில் என்.பி.சி.ஐ., கடைசியா நம்ம வங்கி. தளம் போடும்போது வரிசையா நின்னு கலவைச் சட்டியைக் கை மாத்துறோமே, அது மாதிரி. ஒரு கை தளர்ந்தாலும் சட்டி கீழே விழும்.

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை அப்படித்தான் விழுந்தது. நாடு முழுக்கப் பல மணி நேரம் பணம் போகலை. பிறகு காரணம் சொன்னாங்க. சில வங்கிகள் "அந்தப் பணம் போச்சா, இந்தப் பணம் போச்சா" என்று பழைய பரிமாற்றங்களுக்கும் சேர்த்துத் திரும்பத் திரும்பக் கேட்டதில் பாரம் ஏறிடுச்சாம். நம்ம பொருளாளரைச் சுத்தி நின்னு எல்லாரும் ஒரே நேரத்துல "என் சந்தாவை வரவு வெச்சியா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா, அவங்க எப்படி எழுதுவாங்க?

அதற்காக யாரையும் வரிசையை விட்டு விலக்கிடலை. எல்லாருக்கும் பொதுவா விதி போட்டாங்க. 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 தடவைதான் இருப்புப் பார்க்கலாம். நிலுவையில் நிற்கிற பணத்தோட நிலையை 3 தடவைதான் கேட்கலாம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 90 வினாடி விடணும். கூட்டம் பெருகப் பெருக விதியும் தெளிவா இருக்கணும் என்பதுதான் இதில் நமக்குப் பாடம்.

இது நமக்குப் புதுசா சகோதரிகளே? 1989-ல் தர்மபுரி மாவட்டத்துல தொடங்கியதுதான் நம்ம மாநிலத்து மகளிர் குழு. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கியோடு இணைச்சுப் பார்க்கலாம்னு சோதனையா ஆரம்பிச்சது. இன்னைக்கு அடமானம் இல்லாம நமக்குக் கடன் வருதுன்னா, தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், தவணை, சரியான கணக்கு என்கிற அஞ்சையும் நமக்கு முன்னாடி இருந்த அக்காமார் காப்பாத்தினதாலதான். கைபேசி வந்தாலும் அந்த அஞ்சும் மாறக் கூடாது.

பயப்படுறவங்க பயத்துலயும் நியாயம் இருக்கு. நம்ம உறுப்பினர் ஒருத்தர் தவணைப் பணம் அனுப்பினாங்க. அவங்க கணக்குல கழிஞ்சிடுச்சு, குழுக் கணக்குக்கு வரலை. வங்கிக்கு மூணு நடை நடந்தாங்க. நாளைக்கு வா, நாளைக்கு வான்னுதான் பதில். அஞ்சாம் நாள் பணம் திரும்பி வந்தது. அந்த அஞ்சு நாளும் அவங்க சரியா சாப்பிடலை. ரிசர்வ் வங்கி 2019-லேயே விதி சொல்லியிருக்கு. இப்படி ஒருத்தருக்கு அனுப்பின பணம் போய்ச் சேரலைன்னா மறுநாளுக்குள் திருப்பணும். தவறினா ஒரு நாளைக்கு 100 ரூபாய், நாம கேட்காமலே கொடுக்கணும். இதை நாம தெரிஞ்சு வெச்சிருந்தா, கெஞ்ச வேண்டியதில்லை, கேட்கலாம்.

அதனால என் யோசனைகளைச் சொல்றேன்.

ஒன்று. பணம் குழுவின் வங்கிக் கணக்குக்கே போகணும். ஊக்குநர், பொருளாளர் யாரோட சொந்த எண்ணுக்கும் போகக் கூடாது. பணம் எடுக்க இப்போ இருக்கிற கூட்டுக் கையெழுத்து அப்படியே இருக்கணும்.

இரண்டு. அனுப்பினதும் வர்ற 12 இலக்க எண்ணைக் கூட்டத்துல நோட்டுல எழுதணும். மாசம் ஒரு தடவை பாஸ்புக்கோடு ஒப்பிட்டு எல்லாருக்கும் சத்தமா வாசிக்கணும்.

மூன்று. ரகசிய எண்ணை மகனுக்கும் சொல்லாதீங்க, மருமகளுக்கும் சொல்லாதீங்க. பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. "பணம் வரும், எண்ணைப் போடுங்க"ன்னு யாராவது சொன்னா அது திருட்டு. ஏமாந்தது தெரிஞ்ச நிமிஷமே 1930-க்குப் போன் பண்ணுங்க.

நான்கு. பட்டன் போன் வெச்சிருக்கிறவங்களுக்கு *99# வழி இருக்கு. அதுவும் வேண்டாம்னு கையில பணமா கொடுக்கிற பெரியம்மாவுக்கும் அதே வரவு, அதே மரியாதை. யாரையும் பின்னால தள்ளிட்டு நாம முன்னேறினதா சொல்ல முடியாது.

ஐந்து. எல்லாக் குழுவுலயும் ஒரே நாள்ல ஆரம்பிக்க வேண்டாம். குன்றத்தூர் மலைக்கு ஒவ்வொரு படியாத்தானே ஏறுறோம். முதல்ல இரண்டு குழுவுல மூணு மாசம் பார்ப்போம். கணக்கு சரியா வந்தா அடுத்தது.

மேலாளர் ஐயாவுக்கும் ஒரு வேண்டுகோள். எங்க பணம் நடுவழியில நின்னா யாரைக் கேட்கணும்னு ஒரு ஆளையும் ஒரு நேரத்தையும் சொல்லுங்க. நாங்க தவணை தவற மாட்டோம், நீங்களும் பதில் தவறாதீங்க. இரண்டு பக்கமும் இருந்தாத்தான் அது நம்பிக்கை.

இதைத் தீர்மானமா அடுத்த கூட்டத்துல வைக்கப் போறோம். எல்லாரும் வாங்க. பிடிக்கலைன்னாலும் வந்து சொல்லுங்க.