பலகையை மாற்றும் முன்…

கடையில் வியாபாரம் குறைந்தால் பலருக்கு முதலில் தோன்றுவது என்ன? பெயர்ப் பலகையை மாற்று, சுவருக்குப் புதுச் சாயம் அடி, ஆங்கிலத்தில் ஒரு கவர்ச்சியான பெயர் வை என்பதுதான். இந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

2009 தொடக்கத்தில் அமெரிக்காவில் டிராபிகானா ஆரஞ்சுச் சாற்றின் பெட்டி புதுத் தோற்றம் கண்டது. பழத்தில் உறிஞ்சு குழல் செருகியிருக்கும் பழைய படம் போய், கண்ணாடிக் குவளை வந்தது. உள்ளே இருந்த சாறு மாறவில்லை. ஆனால் பழகிய பெட்டியைத் தேடி வந்தவர்களுக்கு அது கண்ணில் படவில்லை. இரண்டு மாதத்திற்குள் விற்பனை சுமார் 20 விழுக்காடு சரிந்தது. பழைய பெட்டியே திரும்பி வந்தது.

அதே ஆண்டின் இறுதியில் டோமினோஸ் வேறு வழியில் சென்றது. பீட்சாவின் அடிப்பாகம் அட்டைபோல் இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் சொன்னதை ஒளிக்காமல் விளம்பரத்திலேயே காட்டி, மாவையும் சாஸையும் சீஸையும் மாற்றியது. 2010-இன் முதல் காலாண்டில் அதன் அமெரிக்கக் கடைகளின் விற்பனை 14 விழுக்காட்டிற்கும் மேல் உயர்ந்தது.

தன்னைத் தானே இப்படிச் சோதித்துப் பார்ப்பதற்குச் சந்தைப்படுத்தல் தணிக்கை என்று பெயர். பிலிப் கோட்லரும் இரு துணை ஆசிரியர்களும் 1977-இல் எழுதிய கட்டுரை இதற்கு நான்கு இலக்கணம் வகுத்தது. தணிக்கை முழுமையாக இருக்க வேண்டும், முறையாக நடக்க வேண்டும், சார்பற்றதாக இருக்க வேண்டும், குறித்த காலந்தோறும் நடக்க வேண்டும்.

பெரிய நிறுவனத்திற்குச் சரி, சின்னக் கடைக்கு இது எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் தாயும் மகனும் நடத்தும் சிற்றுண்டிக் கடையைக் கற்பனை செய்து பாருங்கள். கடை ஒப்பந்தம் முடிய ஆறு மாதம்தான் இருக்கிறது. வியாபாரம் மந்தம். புதுப் பலகைக்கும் அலங்காரத்திற்கும் 6,000 ரிங்கிட் கேட்கிறான் மகன். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தால்தான் அந்தப் பணம் வரும்.

செலவு செய்யும் முன் ஒரு வாரம் கணக்கெடுக்கலாம் என்கிறார்கள் அவனுடன் சந்தைப்படுத்தல் படிக்கும் இரு நண்பர்கள். "இருபது வருஷமா கரண்டி பிடிக்கிறேன், எனக்குத் தெரியாததா?" என்று அம்மாவுக்குக் கோபம். ஆனால் முகத்திற்கு நேராக அவரிடம் யார் குறை சொல்வார்கள்? சார்பற்றவர் கேட்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

நண்பர்களின் குறிப்பேட்டில் என்ன இருக்கிறது? மதியம் ஒரு மணிக்கு வகுப்பு விட்டதும் கூட்டம் அலைமோதுகிறது. சாப்பாட்டிற்கும் பணத்திற்கும் ஒரே வரிசை. இரண்டு மணி வகுப்பை நினைத்துப் பலர் திரும்பிப் போகிறார்கள். விலைப் பட்டியல் இல்லை. மாதக் கடைசியில் கையில் ஐந்து ரிங்கிட் வைத்திருக்கும் மாணவன் விலை கேட்கக் கூச்சப்பட்டு, ரொட்டி வாங்கித் தின்று பசியாறுகிறான். மாலை வகுப்பு மாணவர்கள் வரும்போது கடை மூடியிருக்கிறது. குழம்பில் எண்ணெய் அதிகம் என்று பதினொரு பேர் சொல்லியிருக்கிறார்கள். பலகையில் உள்ள பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. எல்லாருக்கும் அது 'அக்கா கடை'தான்.

எண்ணெய் பற்றிய வரியைப் படித்ததும் அம்மா பேசாமல் உள்ளே போய்விடுகிறார். மறுநாள் குழம்பில் எண்ணெய் குறைகிறது. பணம் வாங்கத் தனி மேசை போடுகிறார்கள். விலைப் பட்டியல் தொங்குகிறது. அதில் ஐந்து ரிங்கிட்டிற்குள் ஒரு சாப்பாடும் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் இரவு எட்டு வரை கடை திறந்திருக்கிறது. பலகையில் மாணவர்கள் வைத்த பெயரையே எழுதுகிறார்கள். சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கிறது.

இதனால் ஒப்பந்தம் நிச்சயம் கிடைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் எதற்காகச் செலவு செய்கிறோம் என்பது இப்போது அவர்களுக்குத் தெரியும்.

கடை வைத்திருக்கும் நேயர்களே! ஒரு குறிப்பேடும் ஒரு வாரமும் போதும். உள்ளே வந்தவர்களை மட்டும் எண்ணாதீர்கள். வாசல்வரை வந்து திரும்பியவர்களையும் எண்ணுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் எண்ணுங்கள். பலகையை அதற்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.