மைத்ரி நம்மைப் பலி கேட்பதில்லை



சில வருடங்களுக்கு முன்பு ஒரு மைத்ரி தியான வகுப்புக்குப் போயிருந்தேன். முதலில் உங்கள் மீதே அன்பு கொள்ளுங்கள் என்றார்கள். பிறகு நீங்கள் மதிக்கும் ஒருவர், அதன் பிறகு வேண்டியவரும் வேண்டாதவரும் அல்லாத ஒருவர், கடைசியாகப் பகைவர். பகைவர் என்றதும் எங்கள் ஊர் டீக்கடைக்காரர் முகம்தான் வந்தது. என் அப்பாவுக்குத் தனி டம்ளரில் டீ கொடுத்தவர். அவர் மீது என்னால் அன்பு கொள்ள முடியவில்லை. அதைச் சொன்னேன். "உங்கள் கோபம்தான் பிரச்சினை, மன்னித்துவிடுங்கள்" என்றார்கள்.

இந்தப் பதில் நமக்குப் புதிதல்ல. நம் வீடுகள் எரிந்த பிறகு சமாதானம் பேச வருகிறவர்களும் நம்மிடம்தான் மன்னிக்கச் சொல்கிறார்கள். எரித்தவர்களிடம் அன்பு பற்றி யாரும் வகுப்பு எடுப்பதில்லை.

பௌத்தம் இதைத்தான் சொல்கிறதா என்று தேடினேன். இந்தத் தியானத்தின் படிகளை விரிவாகச் சொல்கிற நூல், 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம். அதில் ஒரு சோதனை வருகிறது. தியானம் செய்பவரும் மேலே சொன்ன மூவரும் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கொள்ளையர்கள் வந்து பலி கொடுக்க ஒருவரைக் கேட்கிறார்கள். பகைவரைக் கைகாட்டினால் மைத்ரி நிறைவடையவில்லை. சரி, "என்னைக் கொண்டுபோங்கள்" என்றால்? அப்போதும் நிறைவடையவில்லை! நால்வரில் ஒருவரையும் கொடுக்க மனம் ஒப்பாத போதுதான் மைத்ரி நிறைவடைகிறது. பாலியில் இதற்கு சீமா சம்பேதம் என்று பெயர். அதாவது, எல்லையை உடைப்பது.

ஊருக்கும் சேரிக்கும் நடுவில் எல்லை இருக்கும் நாட்டில் இது சாதாரணச் சொல் அல்ல. தன்னைத் தாழ்த்திக்கொள்வதும் எல்லையைக் காப்பாற்றுவதுதான்.

அண்ணல் அம்பேத்கருக்கு இதில் குழப்பம் இருந்ததில்லை. 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், மனிதர் மீதான அன்பு கருணை, எல்லா உயிர்கள் மீதான அன்பு மைத்ரி என்று பிரித்துச் சொல்கிறார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் ஏற்ற 22 உறுதிமொழிகளில் எல்லா உயிர்களிடமும் கருணை உண்டு. சமத்துவத்தை நிலைநாட்டப் பாடுபடுவேன் என்பதும் உண்டு. ஒன்றுக்காக மற்றொன்றை அவர் விடவில்லை. மகத் குளத்துத் தண்ணீருக்காகப் போராடியவர்தான் மைத்ரியையும் நமக்குக் கொடுத்தார்.

நான் இப்போதும் தியானத்தில் உட்காருகிறேன். அந்த முகம் வரும்போது விரட்டுவதில்லை. அவர் நலமாக இருக்கட்டும், அவரைப் பிடித்திருக்கிற சாதி அவரை விடட்டும் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தத் தனி டம்ளர் போயாக வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்வதில் எனக்கு இப்போது எந்தத் தயக்கமும் இல்லை.